வாத்துக்கு வீடு வாங்கிய வேடர்கள்

உங்கள் வீட்டில் ஸ்டாம்பு சேர்க்கும் பிள்ளை இருக்கிறானா? இருந்தால் அவனிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "தபாலாபீஸில் காசு கொடுத்து வாங்கிய புத்தம் புது ஸ்டாம்பு, ஆனாலும் கடிதத்தில் ஒட்டினால் செல்லாது. அது எது?" பையன் தலையைச் சொறிவான். ரொம்பக் கெட்டிக்காரனாக இருந்தால் மட்டும், "அமெரிக்கா வாத்து ஸ்டாம்பு!" என்று பட்டென்று சொல்லிவிடுவான்.

பார்வைக்கு அது எல்லா ஸ்டாம்பையும் போலத்தான் இருக்கும். கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். சாதாரணமாக ஒரு ஜோடிக் காட்டு வாத்து சிறகை விரித்துப் பறந்துகொண்டிருக்கும். அல்லது ஏரித் தண்ணீரில் சாவகாசமாக மிதந்துகொண்டிருக்கும். வருஷா வருஷம் புதுப் படம். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் இது கடிதம் எழுதுகிறவர்களுக்காக ஏற்பட்டதல்ல. துப்பாக்கி தூக்குகிறவர்களுக்காக ஏற்பட்டது. அமெரிக்காவில் 16 வயதும் அதற்கு மேலும் ஆன எவரும், காட்டு வாத்தைச் சுட வேண்டுமானால், மாநில சர்க்காரின் வேட்டை லைசென்ஸ் வாங்கினால் மட்டும் போதாது. இந்த ஸ்டாம்பையும் வாங்கி வைத்திருக்க வேண்டும். விலை 2015-ஆம் வருஷத்திலிருந்து 25 டாலர். அந்தப் பணம் எங்கே போகிறது என்கிறீர்களா? ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட், பட்சிகள் தங்குவதற்கு நிலம் பிடிக்கப் போகிறது!

இது என்ன வேடிக்கை! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதையாக அல்லவா இருக்கிறது? சுடுகிறவன் கொடுக்கும் பணத்தில் சுடப்படுகிற பட்சிக்கு வீடு! ஆனால் நம்புங்கள், 1934-இல் ஆரம்பித்த இந்தத் தொட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. இதுவரை நூறு கோடி டாலருக்கு மேல் வசூலாகி, சுமார் 60 இலட்சம் ஏக்கர் சதுப்பு நிலமும் புல்வெளியும் பட்சிகளுக்கென்று பத்திரமாகியிருக்கின்றன. நம் வேடந்தாங்கலின் பெயருக்குள்ளேயே ஒரு வேடன் ஒளிந்துகொண்டிருக்கிறானே, அதைப் போல அமெரிக்காவின் பட்சி சரணாலயங்கள் பலவற்றுக்குள்ளும் ஒரு வேடன் இருக்கிறான்.

அவன் எப்படி அங்கே வந்து சேர்ந்தான் என்பது பெரிய கதை. அதில் பெண்களுக்கும் பங்கு உண்டு.

*

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், அமெரிக்காவில் பறவைக்கும் மிருகத்துக்கும் பஞ்சமே கிடையாது. ஒருவகைக் காட்டுப் புறா கூட்டம் கூட்டமாகப் பறந்தால், பட்டப்பகலில் சூரியன் மறைந்துவிடுமாம். அவற்றைச் சுட்டும் வலை வீசிப் பிடித்தும் பீப்பாய் பீப்பாயாக ரயிலேற்றிப் பட்டணங்களுக்கு அனுப்பினார்கள். கடைசியில் அந்த இனத்தில் ஒரே ஒரு பெண் புறா மிஞ்சியது. மார்த்தா என்று பெயர். சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி அதுவும் கண்ணை மூடியது. கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகளின் கதியும் ஏறக்குறைய இதுவேதான். 1880-களின் முடிவில் காட்டில் மிஞ்சியவை சில நூறு.

இவற்றைக் கொன்றவர்கள் பொழுதுபோக்குக்காகச் சுட்டவர்கள் அல்ல. அது ஒரு வியாபாரம். வாத்துக்கென்றே பீரங்கி மாதிரி ஒரு நீளத் துப்பாக்கி இருந்தது. தூக்கிப் பிடிக்க முடியாத கனம். படகோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். இருட்டில் ஓசைப்படாமல் நெருங்கி ஒரே ஒரு வெடி! ஏரியில் தூங்கிக்கொண்டிருந்த டஜன் கணக்கான வாத்துகள் அப்படியே மிதக்கும். மறுநாள் அவை ஹோட்டல் மேஜையில்.

இன்னொரு பக்கம் தொப்பி. அந்தக் காலத்துச் சீமாட்டிகள் தலையில் வைக்கும் தொப்பியில் பறவை இறகு இல்லாவிட்டால் நாகரிகமில்லை. சில தொப்பிகளில் முழுப் பறவையையே பாடம் செய்து உட்கார்த்தி வைத்திருப்பார்கள். வெள்ளைக் கொக்குகளுக்குக் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் மட்டும் முதுகில் மெல்லிய தூவி இறகு முளைக்கும். வியாபாரிகளுக்கு அதுதான் வேண்டும். தாயையும் தகப்பனையும் சுட்டு இறகைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். கூட்டில் குஞ்சுகள் வாயைத் திறந்தபடி பட்டினி கிடந்து சாகும்.

1896-இல் பாஸ்டன் நகரில் ஹாரியட் ஹெமன்வே என்ற பெண்மணிக்கு இதைக் கேள்விப்பட்டு மனசு பொறுக்கவில்லை. தம் உறவுக்காரி மின்னா ஹாலை அழைத்தார். இருவரும் ஊரிலுள்ள பெரிய மனிதர்களின் விலாசப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தெந்த வீட்டு அம்மாள் இறகுத் தொப்பி வைப்பாள் என்று பென்சிலால் குறித்தார்கள். பிறகு ஒவ்வொருவரையும் தேநீருக்கு அழைத்து, இறகை விட்டுவிடும்படி நயமாகக் கேட்டுக்கொண்டார்கள். சண்டையில்லை, கூச்சலில்லை, கொடியில்லை. சுமார் 900 பெண்கள் சேர்ந்துவிட்டார்கள்! மாஸசூசெட்ஸ் ஆடுபான் சங்கம் பிறந்தது இப்படித்தான். நம் வீடுகளில் மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்துக் காரியம் சாதிக்கும் மாமிகள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அதே சமயத்தில், துப்பாக்கி பிடித்த கைகளும் சில அதே பக்கம் சேர்ந்தன. வேட்டையை வியாபாரமாக அல்லாமல் பொழுதுபோக்காகக் கொண்டிருந்த பணக்காரர்கள் இவர்கள். பிற்பாடு ஜனாதிபதியாக வந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இலேயே, பத்திரிகாசிரியர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் முதலான நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பூன் அண்டு கிராக்கெட் கிளப் என்று ஒன்று ஆரம்பித்திருந்தார். இவர்களுக்கு மிருகத்தின் மேல் கருணை பொங்கி வழிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். "இன்றைக்கே எல்லாவற்றையும் சந்தையில் விற்றுத் தீர்த்துவிட்டால் நாளைக்கு நாம் எதைச் சுடுவது?" என்ற கவலைதான் முக்கியம். ஆனால் கவலை எதுவானாலும் காரியம் நடந்தது. 1900-இல் லேஸி என்ற அயோவா மாநிலத்து அங்கத்தினர் கொண்டுவந்த சட்டம், திருட்டுத்தனமாகக் கொன்ற பறவை, மிருகங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அனுப்பி விற்பதைத் தடுத்தது. 1903-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், ஃபிளாரிடாவில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் பெலிக்கன் தீவை முதல் சரணாலயமாக்கினார். அதற்குக் காவல்காரராக நியமிக்கப்பட்ட பால் குரோகலுக்குச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? மாதம் ஒரு டாலர்! அதையும் சர்க்கார் கொடுக்கவில்லை. பட்சிப் பிரியர்கள் கொடுத்தார்கள். பிறகு 1918-இல் வந்த சட்டம், வலசை போகும் பறவைகளைச் சந்தையில் விற்கும் தொழிலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது.

*

சட்டம் வந்துவிட்டது, சரி. பறவை உட்காருவதற்கு இடம் வேண்டாமா?

கனடாவின் குளிருக்குத் தப்பித் தெற்கே வரும் வாத்துகளுக்கு வழி நெடுகக் குளமும் குட்டையும் சதுப்பும் வேண்டும். நம்மவர்களுக்கு யாத்திரையில் சத்திரம் வேண்டியிருந்த மாதிரி. அமெரிக்க விவசாயிகள் கோதுமைக்காக அந்தச் சதுப்புகளையெல்லாம் வாய்க்கால் வெட்டி வடித்துக்கொண்டிருந்தார்கள். 1929-இல், பட்சிகளுக்காக நிலம் வாங்கலாம் என்று ஒரு சட்டம் செய்தார்கள். அதே வருஷம்தான் நியூயார்க் பங்கு மார்க்கெட் விழுந்து நாடே திவாலானது. சட்டம் இருந்தது, கையில் சல்லிக் காசு இல்லை. போதாக் குறைக்கு 1930-களில் மழை பொய்த்தது. புழுதிப் புயல் கிளம்பியது. இருந்த குட்டைகளும் வறண்டன.

இந்த நேரத்தில் அரங்கத்துக்கு வருகிறார் நம் கதாநாயகர். ஜே நார்வுட் டார்லிங், செல்லமாக "டிங்". தொழில், பத்திரிகைக்குக் கேலிச் சித்திரம் வரைவது. 1924-இலேயே புலிட்சர் பரிசு வாங்கியவர். வாத்து வேட்டையில் பெரும் பித்து. ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு எதிர்க் கட்சிக்காரர். தினமும் அவரைத் தாக்கிப் படம் போட்டுக்கொண்டிருந்தவர். 1934 மார்ச்சில் ரூஸ்வெல்ட் என்ன செய்தார் தெரியுமா? அந்த மனிதரையே கூப்பிட்டு, வனவிலங்கு இலாகாவின் தலைவராக உட்கார வைத்துவிட்டார்! வாய் ஓயாத மாப்பிள்ளையிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்து வாயை அடைக்கிற தந்திரம் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது. படம் வரைந்து சம்பாதித்ததில் ஒரு சிறு பங்குதான் இந்த வேலையில் சம்பளம். ஆனாலும் டார்லிங் ஒப்புக்கொண்டார்.

அந்த மார்ச் மாதம் 16-ஆம் தேதிதான் வாத்து ஸ்டாம்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. வேட்டைக்காரன் தலைக்கு ஒரு டாலர். படம் யார் போடுவது? வேறு யார், சித்திரக்காரர்தான் தலைவராகவே இருக்கிறாரே! அவசரமாகக் கேட்கிறார்களே என்று டார்லிங், சலவைச் சட்டைக்குள் விறைப்புக்காக வைத்து வரும் அட்டையில் சில மாதிரிகளைக் கிறுக்கிக் கொடுத்தாராம். பிறகு நிதானமாக நல்ல படம் வரையலாம் என்று அவர் எண்ணம். அதற்குள் இலாகா ஆசாமி ஒருவர் அந்தக் கிறுக்கலையே அச்சுக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்! சதுப்பில் இறங்கும் ஒரு ஜோடி வாத்துகள். அதுதான் முதல் ஸ்டாம்பு. 1934 ஆகஸ்டு 22-ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. முதல் ஸ்டாம்பை வாங்கியவரும் டார்லிங்தான். அந்த வருஷம் மொத்தம் விற்றவை 6,35,001. சர்க்கார் கணக்கு எழுதும் அழகைப் பாருங்கள், அந்த ஒன்றைக் கூட விடவில்லை!

ஆறு இலட்சம் டாலர் யானைப் பசிக்குச் சோளப் பொரி. டார்லிங் மேலும் பணம் கேட்டு ஜனாதிபதியைப் பிடுங்கினார். ரூஸ்வெல்ட் சிரித்துக்கொண்டே பத்து இலட்சம் டாலருக்குக் கடன் சீட்டு மாதிரி ஒன்று எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு எந்த இலாகாவுக்குப் போனாலும், "அப்புறம் வாருங்கள்" என்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை டார்லிங் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். தெற்கு டகோட்டா மாநிலத்து செனட்டர் பீட்டர் நார்பெக் அவருக்கு உற்ற நண்பர். ஒரு நாள் சபை கலையும் நேரம். எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். நார்பெக் எழுந்தார், தம் பொய்ப் பற்களைக் கழற்றி வைத்துக்கொண்டார், ஏற்கெனவே புரியாத ஸ்காண்டிநேவியக் கொச்சையில், மசோதாவில் ஒரு சிறு திருத்தம் என்று ஏதோ முணுமுணுத்தார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "ஆட்சேபணை உண்டா?" இல்லை. நிறைவேறிற்று! மீன் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்த ரூஸ்வெல்ட்டும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மறுநாள் பார்த்தால், சரணாலயங்களுக்கு 60 இலட்சம் டாலர்! ரூஸ்வெல்ட் கோபித்துக்கொள்ளவில்லை. கஜானாவை இவ்வளவு நாசூக்காக யாரும் கொள்ளையடித்ததில்லை என்று டார்லிங்கைக் கேலி செய்தாராம். கதையில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். கேலிச் சித்திரக்காரர் சொன்னதல்லவா!

பணம் வந்ததும் நிலம் தேட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்கு டார்லிங் பிடித்தவர் கிளார்க் சாலியர். விமானத்தில் ஏறப் பயப்படுவார். மோட்டார் காரிலேயே நாடு முழுவதும் சுற்றினார். ஆறு வாரத்தில் 18,000 மைல் ஓட்டிவிட்டு, 6 இலட்சம் ஏக்கருக்குத் திட்டத்தோடு திரும்பினார் என்று இலாகா வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1961 வரை சரணாலயப் பகுதியின் பொறுப்பு அவரிடமே இருந்தது. அப்போது தொடங்கியவற்றில் ஒன்று, 1935-இல் மொன்டானாவில் ஏற்பட்ட ரெட் ராக் ஏரிச் சரணாலயம். எக்காளம் ஊதுவது போல் குரல் கொடுக்கும் ஒருவகைப் பெரிய அன்னம், அலாஸ்காவைத் தவிர்த்த அமெரிக்க மாநிலங்களில் நூற்றுக்கும் குறைவாகப் போயிருந்தது. அந்த இனம் அங்கே பிழைத்தது. 1950-ஆம் வருஷ ஸ்டாம்பில் வால்டர் வெபர் என்ற சித்திரக்காரர் அந்த அன்னங்களைத்தான் வரைந்தார்.

டார்லிங் 1935 நவம்பரிலேயே பதவியை உதறிவிட்டுப் பழையபடி பத்திரிகைக்குப் போய்விட்டார். போவதற்குள் சரணாலய எல்லைகளில் நடும் பலகைக்குப் பறக்கும் வாத்து ஒன்றை வரைந்து கொடுத்தார். அதன் வம்சத்து நீல வாத்துத்தான் இன்றும் அங்கே பறக்கிறது.

*

வேடர்கள் பணம் கொடுத்த வழி ஸ்டாம்பு மட்டுமல்ல. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி ஒன்று ஏற்கெனவே இருந்தது. 1937-இல் செனட்டர் பிட்மனும், வர்ஜீனியா அங்கத்தினர் ராபர்ட்ஸனும் கொண்டுவந்த சட்டம், அந்த வரி முழுவதையும் வனவிலங்குக்கென்று ஒதுக்கி மாநிலங்களுக்குப் பங்கிட்டது. ராபர்ட்ஸன் தம் மாநிலத்தில் வேட்டை இலாகாவை நடத்திப் பழகியவர். மந்திரிமார் கை எங்கெல்லாம் நீளும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே, நகலைப் படித்ததும் ஒரு சிறு நிபந்தனையைச் செருகினார்: வேட்டை லைசென்ஸில் வரும் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு இந்தப் பங்கு கிடையாது. அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைத்த காசை வீட்டுக்காரர் சீட்டாட எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட மாதிரி! இந்தப் பணத்தினால் காட்டு வான்கோழி, மான் முதலியவை அழிவின் விளிம்பிலிருந்து திரும்பிப் பெருகின.

சரி, யார் பணம் கொடுக்கிறானோ அவன் வெறுமே கொடுத்துவிட்டுப் போவானா? கூட்டுக் குடும்பத்தில் சம்பளம் கொண்டுவரும் பிள்ளையின் பேச்சுக்குத் தனி மரியாதை என்பது நமக்குத் தெரியாததா?

1929-இல் சட்டம் எழுதியபோது, வாங்கும் நிலங்களெல்லாம் வேட்டையே கூடாத சரணாலயங்கள் என்றுதான் எழுதினார்கள். 1949-இல் ஸ்டாம்பு விலை 2 டாலராயிற்று. அதோடு கூடவே, சரணாலய நிலத்தில் 25 சதவிகிதம் வரை வேட்டைக்குத் திறந்துவிடலாம் என்று திருத்தம் வந்தது. 1958-இல் மறுபடியும் ஒரு திருத்தம். அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. அதுவரை ஸ்டாம்புப் பணத்தில் பெரும் பகுதி காவலுக்கும் பராமரிப்புக்கும் கரைந்துகொண்டிருந்தது. இனிமேல் அச்சுக் கூலி போக எல்லாம் நிலத்துக்கே என்று ஆயிற்று. சின்னச் சின்னக் குட்டைகளையும் வாங்கலாம் என்றும் ஆயிற்று. அதே சட்டத்தில், 25 சதவிகிதம் 40 சதவிகிதமாயிற்று! மறு வருஷம் விலை 3 டாலர். அந்தச் சின்னக் குட்டைகளில் முதலாவதை 1959-இல் தெற்கு டகோட்டாவில் வாங்கினார்கள். இந்தக் குட்டை நிலங்கள் பொதுவாக வேட்டைக்குத் திறந்தே இருக்கின்றன.

இதைப் பார்த்து, "இது சரணாலயமா, கோழிப் பண்ணையா?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் துப்பாக்கியால் செத்த வாத்தைவிட, தண்ணீர் வற்றியதால் பிறக்காமலே போன வாத்துகள் அதிகம் என்று வேடர்கள் பதில் சொன்னார்கள். அதிலும் உண்மை இருக்கிறது.

எனக்கென்னவோ மனசை உறுத்துவது வேறொரு விஷயம். வேடனுக்கு வேண்டிய பறவைக்கு வீடு கிடைத்தது, வேண்டாத பறவைக்கு?

*

அதே 1934. பென்ஸில்வேனியாவில் ஒரு மலை முகடு. இலையுதிர் காலத்தில் பருந்தும் இராஜாளியும் ஆயிரக்கணக்கில் அதன் மேலாக வலசை போகும். வேட்டைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஏறி நின்றுகொண்டு, பொழுது போவதற்காக அவற்றைச் சுட்டுத் தள்ளுவார்கள். தின்பதற்கல்ல, விற்பதற்குமல்ல. பருந்து வேட்டைப் பறவைகளைப் பிடித்துத் தின்னும் எதிரியாம்! அந்த மாநிலத்து வேட்டை இலாகாவே ஒருவகைப் பெரிய வல்லூறைக் கொன்று வந்தால் தலைக்கு 5 டாலர் வெகுமதி கொடுத்தது. இலாகாவுக்குப் பணம் யாரிடமிருந்து வந்தது? வேடர்களின் லைசென்ஸிலிருந்து.

ரோஸலி எட்ஜ் என்ற நியூயார்க் பெண்மணிக்கு, செத்த பருந்துகளை வரிசையாக அடுக்கி எடுத்த படங்களைப் பற்றித் தெரியவந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று போராடிப் பழகிய அம்மாள் அவர். பெரிய சங்கங்கள் தயங்கி நின்றபோது, தாமே போய் மலையில் சுமார் 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார். பிற்பாடு விலைக்கே வாங்கினார். மாரிஸ் பிரௌன் என்ற இளைஞரையும் அவர் மனைவி இர்மாவையும் காவலுக்கு வைத்தார். அந்த இலையுதிர் காலத்தில் துப்பாக்கியும் கையுமாக வந்தவர்களைச் சாலையோரத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பும் வேலை பெரும்பாலும் இர்மாவுக்குத்தான்! வசவுகளைக் கேட்டுக்கொண்டு அந்தப் பெண் வாசலை விட்டு நகரவில்லை. பருந்துகளுக்கென்று உலகத்தில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அது. அங்கே வருஷா வருஷம் பறவைகளை எண்ணி எழுதிய கணக்கு, பூச்சி மருந்தினால் கழுகுக் குஞ்சுகள் குறைந்து வருவதைக் காட்டிக் கொடுத்தது. 1962-இல் ரேச்சல் கார்ஸன் தம் புகழ்பெற்ற புத்தகத்தில் அதை எடுத்துக் காட்டினார்.

ரேச்சல் கார்ஸனும் இந்தக் கதைக்கு அன்னியர் அல்ல. அவர் பல வருஷம் சர்க்காரின் வனவிலங்கு இலாகாவில்தான் உத்தியோகம் பார்த்தார். சரணாலயங்களைப் பற்றிப் பொது ஜனங்களுக்குச் சிறு புத்தகங்கள் எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. 1947-இல் எழுதியது, வர்ஜீனியாக் கடற்கரையிலுள்ள சிங்கட்டீக் சரணாலயத்தைப் பற்றி. 1943-இல் அந்த இடத்தை வாங்கியது வாத்து ஸ்டாம்புப் பணத்தில்! வேடன் வாங்கிய நிலத்தில் வேட்டைக்குச் சம்பந்தமில்லாத எத்தனையோ குருவியும் உள்ளானும் கூடச் சுகமாக இருந்துகொண்டிருந்தன. அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டியதுதான்.

ஈய ரவைக் கதையும் உண்டு. வாத்து, இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும். ஏரி அடியில் வருஷக்கணக்கில் கொட்டிக் கிடந்த ஈய ரவைகளையும் கல்லென்று எண்ணி விழுங்கி, விஷமேறிச் செத்தது. அந்த வாத்தைத் தின்ற கழுகும் செத்தது. எஃகு ரவைக்கு மாறுங்கள் என்றபோது வேடர்களில் பலர் முணுமுணுத்தார்கள். வாத்து வேட்டையில் ஈயம் நாடு முழுவதும் தடையானது 1991-இல்தான்.

*

இப்போது ஒரு புதுக் கவலை. சம்பாதிக்கும் பிள்ளைக்கு வயதாகிறது.

1970-களின் ஆரம்பத்தில் வருஷத்துக்கு 24 இலட்சம் ஸ்டாம்புகள் விற்றன. இன்று ஏறக்குறைய 15 இலட்சம். பட்டணத்தில் வளர்ந்த பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து சேற்றில் நின்று வாத்துக்காகக் காத்திருக்கத் தயாராயில்லை. 2016-இல் சர்க்கார் எடுத்த கணக்குப்படி அமெரிக்காவில் வேட்டையாடுகிறவர்கள் 1 கோடியே 15 இலட்சம் பேர். பறவையையும் மிருகத்தையும் பார்த்து மட்டும் மகிழ்கிறவர்கள் 8 கோடியே 60 இலட்சம் பேர். பார்க்கிறவர்களுக்கு வரி உண்டா? பைனாகுலர், மலையேறும் பை, கூடாரம் இவற்றின் மேலும் கொஞ்சம் வரி போடலாம் என்று 1990-களில் ஒரு யோசனை வந்தது. அந்தச் சாமான்களை விற்கும் கம்பெனிகள் எதிர்க்கவே, கைவிடப்பட்டது. துப்பாக்கி வரி மட்டும் குறையவில்லை. ஆனால் அதற்கும் ஒரு விசித்திரமான காரணம் இருக்கிறது. இன்று துப்பாக்கி வாங்குகிறவர்களில் பெரும் பகுதியினர் காட்டுப் பக்கமே போகாதவர்கள். திருடனுக்குப் பயந்தோ, குறி பார்த்துப் பழகவோ வாங்குகிறவர்கள். ஊரில் பயம் அதிகமானால் மானுக்குப் பணம் அதிகம்!

பணம் போடுகிறவர்கள் குறையும்போதுதான், "இது எங்கள் வீடு" என்ற பேச்சும் உரக்கக் கேட்கும். 1949 முதல் ஸ்டாம்புப் படத்துக்கு வருஷா வருஷம் பகிரங்கப் போட்டி நடக்கிறது. முதல் போட்டிக்கே 65 சித்திரக்காரர்கள் 88 படங்கள் அனுப்பினார்கள். பெண் ஒருவர் ஜெயிக்க நாற்பது வருஷம் ஆயிற்று; நான்ஸி ஹவ் வரைந்த படம் 1991-ஆம் வருஷ ஸ்டாம்பில் வந்தது. 2020-இல் ஒரு புது விதி போட்டார்கள்: படத்தில் வாத்து மட்டும் இருந்தால் போதாது, வேட்டை சம்பந்தமான பொருள் ஏதாவது ஒன்றும் இருந்தே தீர வேண்டும். ஆகவே சித்திரக்காரர்கள், நாணலுக்கு நடுவில் காலித் தோட்டாவையும் வாத்துக்குரல் ஊதலையும் வரைய வேண்டி வந்தது! பட்சிப் பிரியர்கள் முகம் சுளித்தார்கள். வேடர்களிலேயே சிலருக்குப் பிடிக்கவில்லை. 2021-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.

25 டாலரான பிறகு, அதில் 10 டாலரை வேறு விதமாகச் செலவிடுகிறார்கள். நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை. விவசாயிக்கு ஒரு தொகை கொடுத்து, "இந்தக் குட்டையை நானும் வடிக்க மாட்டேன், எனக்குப் பின்னால் வருகிறவர்களும் வடிக்கக் கூடாது" என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். நிலம் அவருடையது, மாடு மேய்க்கலாம். தண்ணீர் மட்டும் வாத்துக்கு.

சமீப காலமாகத் துப்பாக்கியைத் தொட்டே அறியாதவர்களும் இந்த ஸ்டாம்பை வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். கையில் அது இருந்தால், கட்டணம் வாங்கும் சரணாலயங்களுக்குள் இலவசமாகப் போகலாம் என்பது ஓர் ஆதாயம். தபாலாபீஸில் யாரும், "அம்மா, உங்களிடம் துப்பாக்கி இருக்கிறதா?" என்று கேட்பதில்லை.

ஸ்டாம்பு சேர்க்கும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. 1959-ஆம் வருஷத்து ஸ்டாம்பு, அதாவது முதல் முதல் 3 டாலர் விலை போட்டது, எங்கேயாவது கிடைத்தால் விடாதே. மற்ற ஸ்டாம்பில் எல்லாம் வாத்துத்தான் ராஜா. அந்த ஒன்றில் மட்டும் கிங் பக் என்ற கறுப்பு நாய். மேனார்ட் ரீஸ் வரைந்தது. போட்டிகளில் இரண்டு வருஷம் தொடர்ந்து தேசிய சாம்பியனான நாய் அது. அடிபட்டு நாணலில் விழும் வாத்து வீணாகாமல் இருக்க நாய் வேண்டும் என்று வேடர்களுக்கு நினைவூட்டுவதற்காகப் போட்டார்களாம். வாயில் ஒரு வாத்து, பின்னால் ஆகாயத்தில் இன்னும் சில வாத்துகள் பறந்துகொண்டிருக்கின்றன.